கறுப்பு நிழலுருக்களின் பாடம்: போர் விமானங்களை அடையாளம் காட்டிய பழைய கையேடுகள்

1941-ல் பிரிட்டனின் பெங்குயின் பதிப்பகம் ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டது. ஆர். ஏ. சேவில்-ஸ்னீத் எழுதிய 'ஏர்கிராஃப்ட் ரெகக்னிஷன்'. கதை கிடையாது, அரசியல் கிடையாது. விமானங்களின் கறுப்பு நிழலுருக்களும், இறக்கை எங்கே பொருந்தியிருக்கிறது, எஞ்சின் எத்தனை, வால் எப்படி என்ற விவரங்களும்தான் புத்தகம். போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டில், சொந்த விமானத்தையும் எதிரி விமானத்தையும் ஒரே அட்டைக்குள் வைத்து, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்படி விற்றார்கள். ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்திருக்க வேண்டிய சமாச்சாரம் அல்லவா என்று இன்று நமக்குத் தோன்றும். அன்றைய நிலைமை வேறு. இந்தப் பாடம் நாட்டில் எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனைக்கும் நல்லது என்ற கட்டம் வந்திருந்தது.

காரணம் ரேடாரின் ஒரு குறை. பிரிட்டன் கரையோரம் நட்டு வைத்திருந்த 'செயின் ஹோம்' ரேடார் கோபுரங்கள் கடலைப் பார்த்து நின்றன. எதிரி கடலுக்கு மேலே வரும்வரை அவை சொல்லும். கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ரேடாருக்கு அவன் முதுகுப்புறம் போய்விட்டான். அங்கிருந்து லண்டன் வரை அவனைப் பின்தொடர வேண்டியது மனிதக் கண்கள். அதற்கென்று 1925-லேயே தொடங்கப்பட்டிருந்தது அப்சர்வர் கோர் என்ற கண்காணிப்புப் படை. கடைக்காரர், விவசாயி, ஆசிரியர் என ஊர்க்காரர்களே அதில் இருந்தார்கள். வயல்வெளியிலும் குன்றின் மேலும் மணல்மூட்டை அடுக்கிய சிறு காவல்மேடை, ஒரு தொலைபேசி, ஒரு பைனாகுலர், வட்ட வரைபடத்தின் மேல் சுழலும் ஒரு குறிபார்க்கும் கருவி. விமானம் எந்தக் கட்டத்துக்கு மேலே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் போகிறது என்று மையத்துக்குச் சொல்வார்கள். 1941 ஏப்ரலில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அதற்கு 'ராயல்' பட்டம் கொடுத்தார்.

போர் தொடங்கியபோது இவர்களுக்கு எண்ணவும் உயரத்தை மதிப்பிடவும் தெரிந்திருந்த அளவுக்கு, பார்ப்பது என்ன விமானம் என்று சொல்லத் தெரிந்திருக்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. விமானிகளுக்கே தெரியவில்லை. பிரிட்டன் போர் அறிவித்த மூன்றாம் நாள், 1939 செப்டம்பர் 6 அன்று, தவறான ஒரு எச்சரிக்கையால் போர் விமானங்கள் மேலே ஏவப்பட்டன. 56-ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்களை எதிரி என்று நினைத்து 74-ஆம் படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயர்கள் சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் விழுந்தன. மான்டேகு ஹல்டன்-ஹாரப் என்ற இளம் விமானி இறந்தார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போர் விமானி அவர்தான், அதுவும் சொந்த நாட்டுக் குண்டுக்கு. அதே ஆண்டு டிசம்பர் 21-ல், ஸ்காட்லாந்தின் டிரெம் தளத்தருகே இரண்டு ஹாம்ப்டன் குண்டுவீச்சு விமானங்களையும் ஸ்பிட்ஃபயர்களே வீழ்த்தின. ஹாம்ப்டனுக்கு ஒல்லியான உடல், இரட்டை வால். ஜெர்மனியின் டோர்னியர் 17-க்கும் ஒல்லியான உடல், இரட்டை வால்.

கையேடுகளின் தேவை இங்கேதான் பிறக்கிறது. கில்ஃபோர்டு ஊரின் கண்காணிப்பாளர்கள் சிலர் அரசை எதிர்பாராமல் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, படங்களை வைத்து ஒருவருக்கொருவர் தேர்வு நடத்தத் தொடங்கினார்கள். 1940 இலையுதிர்காலத்தில் இன்னொரு பக்கமிருந்தும் நெருக்கடி வந்தது. அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் தொழிற்சாலைகள் வேலையை நிறுத்திப் பதுங்கு குழிக்குப் போனதில் உற்பத்தி நேரம் வீணானது. சங்கு ஊதினாலும் வேலை நடக்கட்டும், கூரையில் ஒருவர் நின்று வானத்தைப் பார்க்கட்டும், ஆபத்து தலைக்கு மேல் வரும்போது அவர் சொன்னால் போதும் என்று சர்ச்சில் அரசு முடிவு செய்தது. கூரையில் நிற்பவருக்கு வருவது யார் என்று தெரியாவிட்டால் இந்த ஏற்பாடே வீண். 1941 ஜனவரியில் 'தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்' என்ற தனிப் பத்திரிகை வந்தது. ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. பள்ளிப் பையன்கள் பெரியவர்களை முந்தினார்கள் என்று சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, இந்த மாதிரிப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதில் பன்னிரண்டு வயதை வெல்ல வேறு வயது கிடையாது.

சரி, நிழலுரு ஏன்? புகைப்படம் இருந்ததே? வானத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. நிறம் தெரியாது, இறக்கையில் வரைந்த சின்னம் தெரியாது, எழுத்து தெரியாது. மிஞ்சுவது ஒரு கரிய வடிவம். புகைப்படம் தரும் விவரங்களில் பெரும்பகுதி, ஆயிரம் மீட்டர் தூரத்தில் இல்லாமல் போகும் விவரங்கள். ஆகவே கையேட்டை வரைந்தவர் செய்த முதல் வேலை, எதை விடுவது என்று முடிவெடுத்தது. பிறகு மிஞ்சிய வடிவத்தை முன்னிருந்து, பக்கவாட்டில், கீழிருந்து என மூன்றாகப் பிரித்தார்.

சில விமானங்களுக்கு இதுவே தாராளம். யுங்கர்ஸ் 87, அதாவது ஸ்டூகா, மறக்கவே முடியாது: உடலிலிருந்து கீழே இறங்கிப் பிறகு மேலேறும் மடிந்த இறக்கை, உள்ளிழுக்க முடியாத தடித்த சக்கரக் கால்கள். அமெரிக்காவின் லைட்னிங் விமானத்துக்கு இரண்டு உடல், நடுவில் ஒரு குமிழி. ஒருமுறை பார்த்தால் போதும். பிரிட்டனின் விட்லி குண்டுவீச்சு விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டே பறக்கும், அதன் இறக்கை பொருத்தப்பட்ட கோணம் அப்படி. சிக்கல் இவற்றில் அல்ல, நேசநாட்டு விமானமும் ஜெர்மன் விமானமும் ஒன்றுபோலத் தெரியும் ஜோடிகளில். பிளென்ஹீமா, யுங்கர்ஸ் 88-ஆ? இரண்டுக்கும் இரட்டை எஞ்சின், இரண்டுக்கும் கண்ணாடி மூக்கு. டைஃபூனா, ஃபோக்கவுல்ஃப் 190-ஆ? மஸ்டாங்கா, மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஆ? நல்ல கையேடு இந்த ஜோடிகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டும். விமானத்தை வர்ணிப்பதைவிட, அது எதுவாக இல்லை என்று சொல்வதில்தான் அதன் திறமை இருக்கிறது. ஒரு கையேட்டின் தரத்தை அளக்க நான் பார்ப்பது அதைத்தான். அழகாக வரைந்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனிப் பக்கத்தில் விட்டுவிட்ட கையேடுகள் பார்வைக்கு இனியவை, பயனுக்குச் சுமார்.

இந்த முறையைப் பற்றி அமெரிக்காவில் ஒரு சுவையான சண்டையே நடந்தது. அங்கே முதலில் கற்பித்தது இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற வரிசை. நான்கையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து விடைக்கு வர வேண்டும். வகுப்பில் நன்றாக வேலை செய்தது. வானத்தில் நான்காவதை எட்டுவதற்குள் விமானம் போய்விட்டது. வீரர்கள் அந்த நான்கு ஆங்கில முதலெழுத்துகளுக்கும் 'ஒவ்வொரு முறையும் தப்பு' என்று பொருள்படும் ஒரு கெட்ட விரிவைக் கண்டுபிடித்தார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் சாமுவேல் ரென்ஷா இதற்கு நேர் எதிராக நின்றார். தெருக்கோடியில் வருவது மாமாதான் என்று நடையை வைத்தே சொல்லிவிடுகிறோமே, மூக்கையும் காதையும் சரிபார்த்தா சொல்கிறோம்? விமானத்தையும் அப்படி மொத்தமாகப் பார்க்கப் பழக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். திரையில் படத்தை ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு நேரமே மின்னவிட்டு, பெயரைச் சொல்லவைத்தார். அமெரிக்கக் கடற்படை 1942-ல் அதை ஏற்று, அவருடைய பல்கலைக்கழகத்திலேயே பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

ரென்ஷா வென்றார் என்றே பலரும் கதையை முடிக்கிறார்கள். ஆனால் அமெரிக்க ராணுவ விமானப் படைக்காக ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர் நடத்திய சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. மின்னல் வேகத்தில் காட்டுவதால் தனி ஆதாயம் ஒன்றும் தெரியவில்லை. மொத்த உருவத்தை மட்டும் வலியுறுத்திக் கற்ற குழுவைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களைச் சொல்லிக் கற்பித்த குழுவே நன்றாகச் செய்தது. அந்த நான்கு உறுப்புப் பட்டியலின் கோளாறு உறுப்பைப் பார்த்தது அல்ல. எல்லா விமானத்துக்கும் ஒரே நான்கைப் பார்க்கச் சொன்னது. ஜோடிகளை அடுத்தடுத்து வைத்தவர்கள், சோதனைக்கூடம் இல்லாமலே பாதி உண்மையைப் பிடித்திருந்தார்கள்.

காகிதம் போதாது என்று மாதிரிகளும் வந்தன. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, நாட்டின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர விமான மாதிரிகள் கேட்டது. 50 வகை, வகைக்கு 10,000. எல்லாம் 72-க்கு 1 என்ற அளவில், கறுப்புச் சாயத்தில். அந்த அளவில் செய்த மாதிரியை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், உண்மை விமானத்தை அரை மைல் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். வகுப்பறையின் நீளமே வானத்தின் தூரமாகிவிடும். அமெரிக்கச் சீட்டுக்கட்டு நிறுவனம் ஒன்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விமானத்தின் நிழலுருவை அச்சிட்டது. ரம்மி ஆடிக்கொண்டே பாடம். அமெரிக்காவில் சுமார் 15 லட்சம் குடிமக்கள் ஏறத்தாழ 14,000 இடங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழக்குக் கரைக்கு ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானமும் வரவில்லை.

கையேட்டின் மறுபக்கமும் உண்டு: அது இல்லாததையும் காட்டக்கூடும். 1940-ல் ஜெர்மனி 'ஹைன்கெல் 113' என்ற புதிய போர் விமானத்தின் படங்களை வெளியிட்டது. வரிசையாக நிற்கும் விமானங்கள், பல படைப்பிரிவுச் சின்னங்கள். உண்மையில் அப்படியொரு விமானம் படையில் சேரவேயில்லை. ஹைன்கெல் நிறுவனம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே செய்த ஹைன்கெல் 100 ரக விமானங்களுக்கு மாற்றி மாற்றிச் சின்னம் வரைந்து எடுத்த பிரச்சாரப் படங்கள் அவை. பிரிட்டிஷ் கையேடுகள் அதற்கும் ஒரு நிழலுரு ஒதுக்கின. விளைவு? அந்த ஆண்டு பிரிட்டிஷ் விமானிகள் ஹைன்கெல் 113-ஐ வானில் கண்டதாக, அதோடு சண்டை போட்டதாக, வீழ்த்தியதாகக்கூட அறிக்கை எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐ ஒரு கோணத்தில் கண நேரம் பார்த்தவர்களின் மூளை, கையேட்டில் கண்ட பெயரை அதற்குச் சூட்டிவிட்டது.

பசிபிக்கிலும் இதே கதை. ஜப்பானிய விமானங்களின் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று, மெல்போர்னில் இருந்த அமெரிக்க உளவு அதிகாரி ஃபிராங்க் மெக்காய் 1942-ல் எளிய சங்கேதப் பெயர்கள் வைக்கத் தொடங்கினார். போர் விமானத்துக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானத்துக்குப் பெண் பெயர்: ஜீக், பெட்டி, கேட். ஜப்பானியப் போர் விமானமான ஜீரோவில் இறக்கை நுனி சதுரமாக இருந்த ஒரு ரகத்தை வேறு வகை என்று நினைத்து 'ஹேப்' என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். அமெரிக்க விமானப் படைத் தலைவர் ஆர்னால்டின் செல்லப்பெயர் அது. எதிரி விமானத்துக்குத் தன் பெயரா என்று அவர் சீறியதும் அது 'ஹேம்ப்' ஆனது. ஜப்பான் ஓட்டுவதாக நம்பப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கும் 'மைக்' என்று ஒரு பெயர் தயாராக இருந்தது. போர்முனையில் மைக் ஒருநாளும் வரவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில், உண்மையில் பறந்தும் கையேட்டில் இல்லாத விமானங்கள். பிரிட்டனின் மரத்தாலான மாஸ்கிட்டோவைப் பற்றி, 1942 செப்டம்பரில் ஆஸ்லோ நகரத் தாக்குதலுக்குப் பிறகுதான் பொதுமக்களுக்குச் சொன்னார்கள். அதற்கு முன் அதை வானில் பார்த்த பையன் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் விடை கிடைத்திருக்காது. தேதி கிழிந்துபோன பழைய கையேடு கையில் கிடைத்தால், அதன் வயதைச் சொல்ல இதுவே வழி. ஹைன்கெல் 113 இருந்து மாஸ்கிட்டோ இல்லையென்றால் போரின் முற்பாதி. மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்குச் சதுர இறக்கை நுனி மட்டும் காட்டியிருந்தால், 1941-ல் வட்ட நுனியோடு வந்த அடுத்த ரகத்தை அந்தப் பதிப்பு இன்னும் அறியவில்லை. அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவே சிவப்பு வட்டம் இருந்தால் 1942 மே மாதத்துக்கு முந்தைய படம்.

அந்தச் சிவப்பு வட்டத்தை அழித்தது ஜப்பானின் சூரியச் சின்னத்தோடு குழம்பக்கூடாது என்பதற்காக. அதே காரணத்தால் இந்திய, பர்மா களத்தில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானப் படைகளும் தங்கள் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பை நீக்கிவிட்டு நீலத்தோடு நின்றன. கண்டியில் தலைமையகம் வைத்திருந்த தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் விமானங்களைப் பழைய படங்களில் பார்ப்பவர்கள், சின்னம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கிறது என்று கேட்பதுண்டு. விடை இதுதான். ஒரு பொட்டு சிவப்பு தெரிந்தாலே துப்பாக்கி பேசிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இவ்வளவு கற்பித்தும் பலித்ததா? பலித்த இடமும் உண்டு, அடியோடு தோற்ற இடமும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: எவ்வளவு படித்தார்கள் என்பதைவிட, பார்த்தவர் கையில் தொலைபேசி இருந்ததா, பீரங்கி இருந்ததா என்பதே முடிவைத் தீர்மானித்தது.

தொலைபேசிக்காரர்களின் சிறந்த நாள் 1941 மே 10. மாலையில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையைத் தாண்டி ஒற்றை விமானம் தாழ்வாக வந்தது. நார்த்தம்பர்லாந்தின் சாட்டன் கிராமக் காவல்மேடையில் இருந்தவர்கள் அதை மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்று சொன்னார்கள். விமானப் படையினர் நம்பவில்லை. அந்த ரகம் இவ்வளவு தூரம் வந்தால் திரும்பிப் போக எரிபொருள் இருக்காது, டோர்னியராக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான்; ஓட்டிவந்தவருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. கிளாஸ்கோ அருகே ஈகிள்ஷம் கிராமத்தில் விழுந்த விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 110. பாராசூட்டில் குதித்திருந்தவர் ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ். எரிபொருளைக் கணக்குப் போட்ட அதிகாரிகளைவிட, வடிவத்தைப் பார்த்த கிராமத்துக் கண்கள் சொன்னதே சரியாயிற்று.

பீரங்கிக்காரர்களின் மோசமான இரவு 1943 ஜூலை 11. சிசிலியில் கெலா கடற்கரைக்கு மேலே 144 அமெரிக்க டகோட்டா விமானங்கள் பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு வந்தன. வருகின்றன என்று முன்னறிவிப்பு போயிருந்தது. ஆனால் கீழே நின்ற கப்பல்கள் அன்று பகல் முழுக்க ஜெர்மன் குண்டுகளுக்குத் தப்பி நடுங்கிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் சுட்டார். அடுத்த கணம் கப்பல்களும் கரையும் சேர்ந்து சுட்டன. 23 விமானங்கள் வீழ்ந்தன, 37 சேதமடைந்தன. டகோட்டாவின் நிழலுரு தெரியாத மாலுமி அங்கே இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இருட்டும் பயமும் சேர்ந்த இடத்தில் நிழலுருவைத் தேடிப் பார்க்க யாருக்கும் மனம் இருக்கவில்லை. பியர்ல் ஹார்பரிலும், ஜப்பானின் தாக்குதல் நடந்த அன்றிரவே, சொந்த விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து தரையிறங்க வந்த வைல்ட்கேட் விமானங்களை அமெரிக்கர்கள் சுட்டு வீழ்த்தினார்கள்.

தளபதிகளும் இதைப் புரிந்துகொண்டதாகவே தெரிகிறது, ஏனென்றால் கண்ணை நம்பாமல் தூரிகையை எடுத்தார்கள். ஃபோக்கவுல்ஃப் என்று நினைத்துச் சொந்தக்காரர்களே சுட்ட டைஃபூன்களுக்கு 1942 இறுதியில் இறக்கையடியில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அடித்தார்கள். அமெரிக்காவின் தண்டர்போல்ட் போர் விமானத்துக்கு மூக்கிலும் வாலிலும் வெள்ளை. 1944 ஜூனில் நார்மண்டி படையெடுப்புக்கு முன், நேசநாட்டு விமானங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம், இரட்டை எஞ்சினுக்கு 24. ரகசியம் கசியக்கூடாது என்று கடைசி நாட்களில்தான் அடித்தார்கள். அந்த அவசரம் படங்களில் கோணல் கோடாகவே தெரிகிறது. நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களுக்கு விலக்கு, ஜெர்மனியிடம் அப்படிப்பட்டவை அதிகம் இல்லாததால் குழப்பம் வராது. கப்பல் கூட்டத்துக்கு நேர் மேலே காவல் பறக்க லைட்னிங்குகளை அனுப்பினார்கள். அந்த இரட்டை உடலை எவ்வளவு பயந்த மாலுமியும் வேறெதுவாகவும் நினைக்க முடியாது.

அதற்கு மேலும் ஒன்று செய்தார்கள், என் பார்வையில் அதுதான் புத்திசாலித்தனமான காரியம். அறிவைப் பீரங்கிக்காரனுக்குள் புகுத்துவதை விட்டுவிட்டு, அறிந்தவனைக் கொண்டுவந்து பீரங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ராயல் அப்சர்வர் கோரிலிருந்து தன்னார்வலர்கள் கேட்கப்பட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முன்வந்ததில் 796 பேர் தேறினார்கள். கடற்படையில் தற்காலிகப் பதவி, தோளில் 'சீபோர்ன்' என்ற பட்டை. நான்கைந்து ஆண்டுகள் வயல்மேட்டில் நின்று வானத்தைப் படித்த நடுவயதுக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். கப்பலின் மேல்தளத்தில் நின்று, வருவது நம்முடையதா இல்லையா என்று பீரங்கி அதிகாரிக்குச் சொல்வதே அவர்கள் வேலை. அந்தக் கடலுக்கு மேலே பறந்தவற்றில் பெரும்பாலானவை நேசநாட்டு விமானங்கள் என்பதால், அவர்கள் அதிகம் சொல்ல வேண்டியிருந்தது 'சுடாதீர்கள்' என்பதைத்தான்.